தலைமாட்டுப் பூசணம்

— ப்ளீச்சைத் தொடாதக்கா. தையல் நூலெல்லாம் இத்துப் போயிடும். அப்புறம் மழைத்தண்ணி நேரா உள்ளதான் இறங்கும்.

— பின்ன எதைத்தான் ஊத்துறது எம்ரிஸ்? பூசண நாத்தம் குடலைப் புடுங்குது. சனிக்கிழமை இந்தக் கூடார வண்டியை விலைக்குப் பாக்க வர்றவங்க இந்தக் கித்தானைப் பாத்தா வந்த வழியே திரும்பிடுவாங்க.

— வினிகர்தான். தண்ணியில கலந்து வச்சிருக்கேன். முதல்ல காஞ்ச பிரஷ்ஷால மெதுவாத் தட்டு. மூக்கைக் கட்டிக்கோ, அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

— எல்லாம் நம்ம இட்வல் பண்ணின வேலை. செத்துப் போன தம்பியைத் திட்டக் கூடாதுதான், நான் திட்டாம வேற யாரு திட்டுவா? பிரிச்சாக் கூடாரம், மடிச்சாப் பெட்டின்னு பெருமையா வாங்கினான். ஊரெல்லாம் கார் பின்னால இழுத்துட்டுப் போயிட்டு, ஈரத்தோட மடிச்சுப் போட்டிருக்கான். சோம்பேறி. இதை இந்தப் பண்ணையில நிறுத்தி வச்சிருக்கான்னே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

— ஈரத்தோட மடிச்சா இப்படி வராதுக்கா.

— வேற எப்படி வரும்?

— மடிப்பு விழுந்த இடத்துல கோடு கோடா வரும். இது வட்டமா இருக்கு பாரு. கட்டிலுக்கு மேல மட்டும். தலை வைக்கிற இடத்துக்கு நேரா.

— அதனால?

— மூச்சுக்காத்துக்கா. குளிர்ல ராத்திரி பூரா விடுற மூச்சு கித்தான்ல பட்டுத் தண்ணியாப் படியும். காலையில திறந்து காய விடலைன்னா கறுத்துப் போயிடும். ஒரு வார லீவுல இவ்வளவு கறுக்காது.

— என்ன சொல்ல வர்ற? இட்வல் குளிர்காலம் முழுக்க இதுலயா படுத்திருந்தான்?

— ம்.

— உளறாத. விவாகரத்துக்கு அப்புறம் அவன் பேங்கர் டவுன்ல, கூட வேலை பாக்கிறவன் வீட்டு மாடியில இருந்தான். கிறிஸ்துமஸுக்குப் பேசினப்பக்கூட, ரூம் கதகதன்னு இருக்குக்கா, ஜன்னலைத் திறந்தா கடல் தெரியுதுன்னான்.

— கடல் தெரியும்தான். அந்தத் திரையைத் தூக்கிப் பாரு.

— இந்த ஜன்னல் வலையில என்ன அடைச்சிருக்கு?

— துண்டு. காத்து வராம இருக்க அடைச்சது. அதனாலதான் ஈரமும் வெளிய போகலை.

— ஆஸ்பத்திரியில அவன் மூச்சுத் திணறிக் கிடந்தப்ப டாக்டர் கேட்டாரே எம்ரிஸ். இவர் இருக்கிற வீட்டுல பூசணம் ஏதும் உண்டான்னு. எங்க குடும்பத்துல யாரும் அப்படி வாழலைன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். கேட்டுக்கிட்டுதான் இருந்திருப்பான்.

— கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

— என் வீட்டு மாடியில ரெண்டு ரூம் பூட்டிக் கிடக்குடா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?

— நீ திட்டுவேன்னு பயந்திருப்பான்.

— திட்டியிருப்பேன். திட்டிட்டு, ஆட்டுக்கறி சூப்பைச் சுட வச்சுக் கொடுத்திருப்பேன். என்னைப் பத்தி என்னதான் நினைச்சுக்கிட்டிருந்தீங்க தம்பிங்க ரெண்டு பேரும்?

— பிரஷ்ஷைக் கொடு. நீ கொஞ்ச நேரம் உக்காருக்கா.

— உக்கார மாட்டேன். இந்தக் கருமத்தைத் தொடச்சு, வர்ற விலைக்குத் தள்ளிடணும். இனி இது என் கண்ணுல படவே கூடாது. நகரு, அந்தப் பக்கத்துக் கட்டிலைப் பாக்கிறேன்.

— அங்க ஒண்ணும் இல்லக்கா. நான் பாத்துக்கிறேன்.

— ஒண்ணும் இல்லையா? இங்கயும் வட்டமாத்தான் இருக்கு. ஆனா யாரோ அப்பப்பத் தொடச்சிருக்காங்க. தொட்டுப் பாரு, நசநசன்னு இன்னும் ஈரம். இட்வல் போனது பிப்ரவரியில. இப்ப மே மாசம். இங்க யாருடா படுக்கிறது?

— சனிக்கிழமை வர்றவங்களை வர வேண்டாம்னு சொல்லிடுக்கா. நான் வேலை பாத்த கல் குவாரியை மூடினதுலேர்ந்து எனக்கும் படுக்க வேற இடம் இல்ல.