நாலாம் தட்டுப் பலகை

— போதும் மாமா, உக்காரு. ஆறு படி ஏறிட்ட.

— எட்டு ஏறணும்னு சொல்லியிருக்கு, அந்தப் பயிற்சி குடுக்கற பொண்ணு.

— அது இப்ப இங்க இல்ல.

— நான் இருக்கேன்ல.

— அடேங்கப்பா... சரி, அந்தத் தலகாணிய நெஞ்சோட இறுக்கிப் புடி. இருமல் வந்தா தையல் பிரிஞ்சிரும்னு அக்கா நூறு தடவ சொல்லி அனுப்பியிருக்கு.

— பிரியாது. நெஞ்செலும்ப கம்பி போட்டு முறுக்கியிருக்கான். நாம கட்டற சாரத்த விடக் கெட்டி. ஏன்டா மூஞ்சி சுருங்குது? சாரம்னு சொன்னாலே ஆகலயா உனக்கு?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. நாளைக்கு அந்த விபத்த விசாரிக்க ஆபீசர் வர்றாரு. அதப் பேசத்தான் வந்தேன்.

— நீ ஆரஞ்சுப் பழத்தோட வந்தப்பவே தெரியும். வெறுங்கையோட வந்திருந்தா, மச்சான் பாசத்துல வந்திருக்கான்னு நெனச்சிருப்பேன்.

— கேலி பண்ணாத மாமா. பத்து நிமிஷ வேல. கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து கேப்பாரு. அன்னிக்குக் காலைல சாரத்துல நாலு தட்டும் ஏறி, பலகய எல்லாம் மிதிச்சுப் பாத்தீங்களான்னு. பாத்தேன்னு சொல்லு. கையெழுத்தப் போடு. தீந்துச்சு.

— நான் ஏறலயே.

— மெதுவாப் பேசு...

— மூணு மாசமா ஒரு தட்டு ஏறலயே நான். ரெண்டு எட்டு வெச்சா நெஞ்சு மேல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. உன்னத்தான ஏத்திவிட்டேன்.

— ஏத்திவிட்ட. நான் மிதிச்சேன். யாரு காலா இருந்தா என்ன?

— மேஸ்திரி காலுன்னுதான எல்லாரும் நெனச்சாங்க. நீயும் நானும் வேலைக்கு வந்த காலத்துலேர்ந்து அதான் வழக்கம். மேஸ்திரி மொதல்ல ஏறணும். ஒவ்வொரு தட்டுலயும் குதிச்சுப் பாக்கணும். 'ஏறலாம்'னு கூவணும். அப்பறம்தான் மத்தவன் கால் வெப்பான். நான் சாரத்தச் சுத்திக் கட்டின பச்ச வலைக்குப் பின்னால தரையில நின்னுகிட்டு கூவிட்டிருந்தேன்.

— அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இவ்வளவு...

— போனேன்.

— என்னது?

— உங்கக்காவுக்குக்கூடத் தெரியாது. ரத்தக்குழாய் அடச்சிருக்கு, ஒடனே வந்து படுங்கன்னு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. வர்ற வழியிலயே கிழிச்சுப் போட்டுட்டேன்.

— ஏன் மாமா?

— அதக் காட்டினா கம்பெனிக்காரன் மேஸ்திரியா வெச்சிருப்பானா? கேட்டுல ஒரு நாற்காலியப் போட்டு, வர்ற லாரி நம்பர எழுதுன்னு உக்கார வெச்சிருவான். அதுக்குச் சாகலாம்னு நெனச்சேன். செத்தது வேற ஒருத்தன்.

— சித்தெறும்புன்னு நாம கூப்புடற அந்தப் பய அவனாத் தேடிக்கிட்டான். பெல்ட்டு மாட்டல. கம்பெனி எழுதுனதே அப்டித்தான்.

— பூச்சு வேலக்காரன் பலகயில போயி நின்னுட்டுத்தானடா பெல்ட்ட மாட்டுவான்? நாலாம் தட்டுல கால வெச்சதும் பலக தூக்கிக்கிச்சு. ஒரு முனையக் கட்டாம விட்டிருக்காங்க. மிதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

— மிதிச்சேன்னு சொல்றேன்ல.

— சரி. மிதிச்ச.

— அதுக்கப்பறம் கட்டு அவுந்திருக்கும்... காத்துல.

— சரிடா. காத்துல.

— நீ இப்பிடி சரி சரிங்கறதப் பாத்தா எதயோ முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கு. அக்கா சொல்லிச்சு, நேத்து சாயந்தரம் கண்ண மூடிக் கும்புட்டியாமே. மறுபடி மயக்கம் வந்துடுச்சோன்னு பயந்து நர்சக் கூப்புட்டுச்சாம்.

— ஊசியோட ஓடி வந்துச்சு நர்சம்மா. கும்புடறேன்னு சொன்னதும் சிரிச்சிட்டுப் போயிடுச்சு.

— அக்கா கும்புடப் போனா வெளிய நின்னு சிகரெட் குடிக்கற ஆளு நீ. பக்தி எங்கருந்து வந்துச்சு? கத்தியப் பாத்ததுமா?

— கத்திய எங்க பாத்தேன்... மயக்க ஊசி போடறப்ப ஒண்ணு, ரெண்டு எண்ணுங்கன்னாங்க. நான் தட்ட எண்ணினேன். மொத தட்டு, ரெண்டாம் தட்டு... அதுக்குமேல இருட்டு. அடுத்த பலக இருக்கா இல்லயான்னே தெரியல. எனக்கு முன்னாடி யாரோ போறாங்க. முதுகுகூடத் தெரியல. மிதிக்கற சத்தம் மட்டும் கேக்குது. சரி, யாரோ மிதிச்சாச்சு, வெக்கலாம்னு கால வெச்சேன்.

— மருந்து மாமா அது. மருந்து அப்டித்தான் என்னென்னமோ காட்டும்.

— டாக்டரும் அதயேதான் சொன்னாரு. இருந்துட்டுப் போகட்டும். முழிச்சதுலேர்ந்து நான் அந்தச் சத்தத்தத்தான் கும்புடறேன். எனக்கு வேற சாமி தெரியாது. நம்பிக் கால் வெக்கறதுன்னா என்னன்னு அங்கதான்டா தெரிஞ்சுது. என் கீழ வேல பாத்த அத்தன பேரும் தெனம் அப்டித்தான வெச்சிருக்காங்க... நான் கூவினதக் கேட்டு. என்னத் திருப்பி அனுப்பினதுக்கு ஒரு வேல இருக்கணும்ல? எனக்கு ஒரே ஒரு வேலதான் கண்ணுக்குத் தெரியுது.

— அதனால நாளைக்கு எல்லாத்தயும் கொட்டப்போற. ஜெயிலு மாமா. இந்த நெஞ்ச வெச்சுக்கிட்டு ஜெயிலுக்குப் போவியா?

— அங்கயும் படி இருக்கும். பயிற்சி ஆச்சு.

— வெளயாடாத. நீ சொன்னா அவன் எழுந்து வந்துருவானா?

— வரமாட்டான்... நேத்து சாயந்தரம் அவங்கப்பா வந்தாரு.

— இங்கயா? எதுக்கு?

— உக்காருங்கன்னேன், உக்காரல. சண்டைக்கு வந்திருக்காரு, திட்டட்டும், ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்கலாம்னு இருந்தேன். குனிஞ்சு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. மூட்ட தூக்கித் தூக்கிக் காய்ச்சுப்போன கை.

— என்ன சொன்னாரு?

— எம்மவன் புத்திகெட்டுப் போயி பெல்ட்டு மாட்டாம செத்தான், அவன் விழுந்ததப் பாத்த அதிர்ச்சியிலதான் உங்க நெஞ்சு நின்னுபோச்சுன்னு சொன்னாங்க... மன்னிச்சிருங்க மேஸ்திரின்னாரு. மன்னிப்புக் கேக்கறாருடா. எங்கிட்ட.

— நீ என்ன சொன்ன?

— பரவால்லன்னேன்.

— மாமா...

— வாய்ல அதான் வந்துச்சு. பரவால்ல பெரியவரே, போயிட்டு வாங்கன்னுட்டேன். அவரு படி எறங்கிப் போனப்பறம்தான் கண்ண மூடினேன். அதத்தான் உங்கக்கா பாத்தது. பெத்த அப்பன் மனசுலயே அவன் புத்திகெட்டவனாக் கெடக்கறான். அந்தப் பேர அழிக்கணும். அப்பறம் ஜெயிலோ கேட்டு நாற்காலியோ, எங்க வேணா உக்காரறேன்.

— நீ ஏறலன்னு சொன்னா, அப்ப யாரு ஏறுனதுன்னு அடுத்த கேள்வி வரும்.

— யாரும் ஏறலம்பேன். உன் பேரு என் வாயிலேர்ந்து வராது. புள்ளகுட்டிக்காரன் நீ.

— யாரும் ஏறலன்னா... அது...

— அது?

— அது பொய்யாச்சே. நான் ஏறுனேனே.

— ஏறுன.

— இப்பிடிப் பாக்காத மாமா.

— நான் படியப் பாக்கறேன்டா. இன்னும் ரெண்டு இருக்கு.

— ... ரெண்டாம் தட்டோட எறங்கிட்டேன். டீ வந்துடுச்சுன்னு கீழ சத்தம் போட்டாங்க. ஆறிப்போயிடுமேன்னு... நேத்து மிதிச்சதுதான, ராத்திரியில அது எங்க போயிடப்போவுதுன்னு திரும்பிட்டேன். மூணும் நாலும் நான் பாக்கவே இல்ல. உங்கிட்ட வந்து எல்லாம் கெட்டியா இருக்குன்னு சொன்னேன். நீ ஏமாந்துட்ட மாமா. உம்மேல ஒண்ணுமில்ல. நாளைக்கு அந்த ஆளுகிட்ட நானே சொல்லிடறேன்... நீ பேசாமப் படுத்துக்க.

— நான் ஏமாறலடா. நீ ரெண்டாம் தட்டுல திரும்பினத, வலைக்குப் பின்னால நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். மறுபடி ஏறுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள சித்தெறும்பு வந்து பக்கத்துல நின்னுட்டான். அவன் முன்னாடி உன்ன ஏறச் சொன்னா, மேஸ்திரி ஏன் ஏறலன்னு கேப்பான். 'மிதிச்சாச்சா மேஸ்திரி'ன்னு கேட்டான். ஆமான்னு தலையாட்டினேன்.