முயல் பலகை

பக்கம் நூத்திப்பதினாலு! நீங்களே பாருங்கண்ணே... உக்காருங்க, உக்காருங்க, அந்த நாற்காலி காலிதான், நம்ம பழைய பட்டாளத்துக்காரங்க கூட்டத்துக்கு வருஷா வருஷம் ஆளு குறையுது. பத்து வருஷமா எழுதுனாராம் மேஜரு, நம்ம ஜெர்மன் படை டிவிஷனோட யுத்த வரலாறு. தோல் அட்டை, தங்க எழுத்து. உள்ள? சமையலப் பத்தி மூணே வரி! மூக்கு உதிருற ரஷ்யாக் குளிர்ல கம்பெனிக்கே சுடச்சுட சூப்பு ஊத்துனது யாரு? இந்த எக்பெர்ட்டு! என் சமையல் வண்டிக்கு ‘குழம்புப் பீரங்கி’ன்னு பசங்க சும்மாவா பேரு வச்சானுங்க?

பீரக் குடிங்கண்ணே, நுரை அடங்குது.

நாம எரிச்ச ஊருங்களப் பத்தி ஒரு வரி இருக்கா? மூச்! மேஜரோட குதிரைக்கு மட்டும் ஒண்ணரைப் பக்கம். படம் வேற!

சரி, நூத்திப்பதினாலுக்கு வாங்க. “வண்டியோட்டி லூட்கே குடிபோதையில் வழி தவறியதால் இருபத்திரண்டு பேர் எதிரியிடம் சிக்கினர்.” அடப்பாவி! லூட்கே சொட்டு தொடமாட்டான். அவன் பங்கு ரம்மையும் சேத்துக் குடிச்சவன் நானு, எனக்குத் தெரியாதா? கைதி முகாம்லயே செத்தவன் மேல பழியப் போடுறதா? மேஜருக்கு நாலு கடுதாசி போட்டேன். ஆதாரம் கேக்குறாரு!

ஆதாரம்னா... நம்ம டிவிஷன் சின்னம் முயலு. ரோடு பிரியுற எடத்துலல்லாம் முயல் பலகை நட்டிருக்கும். முயலு மூஞ்சி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க. பனியில வேற ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு அந்த முக்குல பலகை இல்லண்ணே. அவன் என்ன பண்ணுவான், பாவம்?

எப்டி இல்லாமப் போச்சா? அது... விறகெல்லாம் ஈரம். புகையுதே தவிர எரியல. அறுபது பேரு கிண்ணத்தத் தட்டுறானுங்க. அது நல்லாக் காஞ்ச கட்டை... ஒரே ஒரு பலகைண்ணே! சாப்பாடு முடிஞ்சதும் வேற நட்டுரலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்.

மேஜருக்கு இத எழுதல. எழுதி எழுதிக் கிழிச்சேன்.

என்ன, பென்சில நீட்டுறீங்க? இந்தப் பக்கத்து ஓரத்துல எழுதணுமா? இப்பவா? நீங்க யாருண்ணே... சட்டையில பேருச்சீட்டு இருக்கே, இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

லூட்கே.

கூடப் பொறந்தவரா? ...ஆமா, அதே மூக்கு.

குடுங்க. ‘பலகையை எரித்தது சமையல்காரன் எக்பெர்ட் ட்ஸ்விக்.’ முழுப் பேரும் போட்டுட்டேன். இந்தாங்க பென்சிலு.

அன்னிக்குக் கிளம்புறப்ப ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்குனாண்ணே. “இன்னிக்குத்தான்டா சூப்பு நல்லாக் கொதிச்சிருக்கு”ன்னு சிரிச்சுக்கிட்டே வண்டி ஏறுனான்.