நேபாளி லேசு

மன்னார் டவுனிலிருந்து ஓலைத்தொடுவாய்க்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு டச்சுப் புத்தகம். மற்றவர் கட்டாரில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவர்.

“டச்சை விடு பிள்ளை, நேபாளி படி. அங்க என்ரை அறையில இருந்தவள் நேபாளக்காரி. அவளோட சண்டை பிடிச்சுப் பிடிச்சே ஆறு மாசத்தில பழகிட்டன்.”

“நேபாளத்தில எனக்குப் புருசன் இல்லையே அக்கா. அவர் இருக்கிறது ஹொலண்டில. டச்சுச் சோதினை பாஸ் பண்ணினால்தான் விசா தருவினம்.”

“எத்தினை தரம் எடுத்தனி?”

“ரெண்டு தரம். கொம்பியூட்டர் கேள்வி கேக்கும், நாங்கள் அதுக்குப் பதில் சொல்லவேணும்.”

“கொம்பியூட்டரோட சண்டை பிடிக்கேலாது. பிறகு எப்பிடிப் பாஷை வரும்?”

இளையவள் புத்தகத்தை மூடினாள். பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டியது.

“உன்ரை மனிசன் அங்க கனகாலமெல்லே. நல்லா டச்சு கதைப்பார் என்ன?”

“அவருக்கு டச்சில வாற கடிதங்களை ஃபோனில படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான்தான் வாசிச்சு, என்ன எழுதியிருக்கெண்டு சொல்லுறனான்.”

அக்கா இறங்குவதற்கு எழும்பி, பையைத் தோளில் போட்டார்.

“அப்ப அந்தாளுக்கு நேபாளியும் வராது.”