ஒன்பது அமாவாசைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் பூமிநாதன் அவர்களே, கோட்டுச்சேரியிலிருந்து வந்திருக்கும் கைலாசநாதன் குடும்பத்தாரே, கருக்களாச்சேரிப் பெருமக்களே, வணக்கம்.

நேற்று மாலை நான்கு மணிக்கு உறுதியான செய்தி இது. நம் மீனவர் தகவல் மையத்தின் கணினி அடிக்கடி முடங்கியதற்குப் பொறியாளர் கைலாசநாதன் காரணமல்ல. நான் காரணம். சொன்னவர், இப்போது அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பாரதிப்ரியா. ஆதாரம், கைலாசநாதன் தம் கையால் எழுதிய பழுதுக் குறிப்பேடு.

கடலுக்குப் போகுமுன் காற்றின் வேகத்தை நாம் பார்ப்பது அந்த லினக்ஸ் கணினியில்தானே? தன்னிடம் உள்ள மென்பொருள்களின் விவரத்தை அது ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைக்கும். காலை பத்து மணிக்குத் தானே புதுப்பித்துக்கொள்ளும். எழுதும்போது மின்சாரம் நின்றால் தரவுத்தளம் கெடும். இதெல்லாம் எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

பதினான்கு மாதங்களில் ஒன்பது முறை அது கெட்டது. ஒன்பது முறையும் கைலாசநாதன் சம்பளம் வாங்காமல் வந்து சரிசெய்தார். ஹார்டு டிஸ்கை மாற்றினார். மெமரியை மாற்றினார். மின்வெட்டோ என்று யுபிஎஸ் வைத்தார். கிழமை வாரியாக, தேதி வாரியாகக் கணக்குப் பார்த்தார். எதிலும் அடங்கவில்லை.

"என்ன கைலாசம், ஒம்ம பொட்டிக்கு இன்னிக்கும் மூச்சு முட்டுதா?" என்று வலைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"மூச்செல்லாம் நல்லாருக்கு அண்ணே, ஞாபகம்தான் தப்புது" என்று சிரிப்பார்.

ஒருநாள் மையத்தின் செயலாளரான என்னிடமே கேட்டார்: "ஐயா, யுபிஎஸ்ஸ யாராச்சும் அணைக்கிறீங்களா?"

"யாரும் தொடுறதில்ல தம்பி."

அமாவாசைதோறும் காலை பத்து மணி வாக்கில் பூசணிக்காய் சுற்றி, கணினிக்குச் சூடம் காட்டுவது யார்? நான்! நெருப்பும் மின்சாரமும் சேரக் கூடாதென்று மெயினையும் யுபிஎஸ்ஸையும் அணைப்பது யார்? நானே! பூசைக்காக அணைப்பதை அணைப்பதாகவே நான் எண்ணியதில்லை. புதுப்பிக்க ஏதுமில்லாத அமாவாசைகளில் கணினி தப்பியது. மற்ற ஒன்பதில் கெட்டது. குறிப்பேட்டின் தேதிகளை நாட்காட்டியில் வைத்துப் பார்த்து பாரதிப்ரியா கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

இதற்கு நான் என்ன செய்தேன்? அவரை நீக்கும் தீர்மானத்தை எழுதினேன். என் வார இதழில் 'பராமரிப்பில் அலட்சியம்' என்று செய்தியும் போட்டேன். முப்பத்தோர் ஆண்டுகளாக நிருபராக இருப்பவன், குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பிறகு கோட்டுச்சேரியில் அவர் கடைக்கு வேலை வருவது குறைந்தது. சென்ற ஞாயிறு மாரடைப்பில் காலமானார். அதுவரை அவர் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அவர் கேட்ட ஒரே கேள்விக்குப் பொய்யான பதிலைக் கொடுத்தவன் இந்த இரங்கல் கூட்டத்தில் நின்று அவரைப் புகழ்வதா? வெட்கமாக இருக்கிறது, பெரியோர்களே!

இனி எவர் கையும் அந்த மெயினுக்குப் போகாது. அவர் குறிப்பேட்டை விட்ட இடத்திலிருந்து பாரதிப்ரியா தொடர்வார், அவர் கேட்பதற்கு நாங்கள் யோசித்துப் பதில் சொல்வோம்.

தீர்மானத்தைத் திரும்பப் பெறும் கூட்டம் வியாழன் மாலை ஐந்து மணிக்கு. என் பெயரோடு திருத்தம், செய்தி வந்த அதே பக்கத்தில், வரும் ஞாயிறு இதழில். இன்று காலை அவர் மனைவி வினோதாவிடம் இதைச் சொன்னேன். "அவரு இருக்கயிலயே வந்து கேட்டிருக்கலாமேங்க" என்றார். அதற்குரிய பதில் மட்டும் நிலுவையில் இருக்கிறது. தேதி சொல்ல என்னால் முடியவில்லை.