ஐந்தாம் மாடியில் பார்த்த நாடி

மாடிப்படி ஏறுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. முழங்காலுக்குத்தான் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் சாவீட்டுக் காரியங்களை நடத்திக் கொடுக்கும் ஒரு மலர்ச்சாலையில் சவப்பெட்டி தூக்குவது என் வேலை. நாற்பத்தெட்டு வயதில்தான் எழுத்துப் படித்தேன். அதனால் டொக்டர் நமசிவாயத்துக்கு என்மேல் ஒரு மதிப்பு. எண்பது வயது அவருக்கு, படி ஏறமாட்டார். காரில் இருந்தபடியே, "நீர் போய்ப் பாரும். முடிஞ்சிருந்தா பேரை வடிவா எழுதிக்கொண்டு வாரும்" என்பார். நான் நாடி பார்த்து வந்து சொல்வேன். அவர் மரணச் சான்றிதழில் ஒப்பமிடுவார். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு பேர். ஒருவரும் திரும்பி வந்து முறையிடவில்லை.

அன்று வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி. லிஃப்ட் பழுது. நேரம் மிச்சமாகும் என்று பெட்டியை முதலிலேயே மேலே ஏற்றிவிட்டோம். அது என் பிழைதான். சிவபாலன் மாஸ்டர் அறையில் கிடந்தார். மருமகள் சாம்பவி வெளியே நின்று கனடாவோடு கதைத்துக்கொண்டிருந்தார்: "ஓம், மாமா விடியவே மோசம் போயிட்டார். தகனம் நாலு மணிக்கு. நீங்கள் வீடியோவிலை பாருங்கோ."

கையைப் பிடித்தேன். நாடி மெல்ல, ஆனால் ஒழுங்காக ஓடியது. மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"தம்பி, காத்துக் காணாது. ஃபேனைக் கொஞ்சம் கூட்டிவிடும்."

கூட்டிவிட்டேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் போன பெட்டி வெறுமையாக இறங்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் கட்டுப்பாடு. இறங்கினால் ஒரு கிழமைக்குள் அந்த வீட்டில் சாவு விழுமாம். அந்தக் குடும்பத்துக்கு நான் அப்படிச் செய்யலாமா?

கீழே வந்தேன். டொக்டர் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன மாதிரி?"

"முடிஞ்சுது ஐயா."

"நெஞ்சுதானே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாரடைப்பு என்று எழுதி ஒப்பமிட்டார்.

பெட்டியில் வைக்கும்போது மாஸ்டர் நல்ல ஒத்துழைப்பு. மற்றவர்கள் விறைத்துக்கொண்டு கிடப்பார்கள். இவர் காலை மடக்கித் தந்தார். என்னோடு தூக்கும் ஸவாஹிர், மாளிகாவத்தைக்காரன், "அண்ணே, சூடா ஈக்கிறாரே" என்றான்.

"வெள்ளவத்தை வெயில்" என்றேன்.

வீட்டார் தேவாரம் பாடிக்கொண்டு முன்னால் இறங்கினார்கள். மூன்றாம் மாடியில் பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஸவாஹிர் நின்றுவிட்டான். நான் மூச்சு வாங்கியபடி சான்றிதழை எடுத்துக் காட்டினேன். ஒப்பம் இருந்தது, முத்திரையும் இருந்தது. அவன் மறுபடி தோளைக் கொடுத்தான்.

நாலு மணிக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. தட்டும் சத்தம் தகன அடுப்பின் கதவு மூடும்வரை கேட்டது; அதை நான் மறைக்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படி ஐயா? ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல நான் என்ன டொக்டரா?