மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றும் அடையாள அட்டையைப் பார்த்து முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன, சரியாகவே இருக்கின்றன. வயது இருபத்தாறு. வேதிப் பொறியியலில் டிப்ளமா முடித்திருக்கிறேன். நச்சுவாயு, நோய்க்கிருமி, அணுக்கதிர் ஆகியவற்றிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளச் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி முகாமில் தொழில்நுட்ப உதவியாளராக இருக்கிறேன். முகமூடி முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா, வடிகட்டி காலாவதி ஆகிவிட்டதா, உடையில் கிழிசல் உண்டா என்று பார்ப்பது என் வேலை. நான் சிப்பாய் இல்லை. யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் எனக்குக் கிடையாது. தப்பிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை என்ன என்று கேட்டதால் சொல்கிறேன்.

ஆட்களை முகாமில் கூப்பிடும் பெயரிலேயே குறிப்பிடுகிறேன். உடையும் முகமூடியும் போட்டபின் எல்லோரும் ஒரே அச்சுதான். மார்பில் ஒட்டியிருக்கும் பட்டையைப் படித்தால்தான் ஆள் தெரியும். இறந்தவர் பட்டையில் நெட்டை என்று இருந்தது. மருத்துவமனையில் இருப்பவர் பம்ப்காரர். அவர்களுக்குப் பின் தொட்டிக்குள் இறங்க வந்தவர் என் அக்காவின் கணவர். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். பயிற்சி சார்ஜென்ட்டை எல்லோரும் வாத்தியார் என்போம்.

சம்பவத்தன்று காலையில் இவர்கள் இருந்த அணி கண்ணீர்ப்புகை அறைக்குள் அனுப்பப்பட்டது. முகமூடியோடு உள்ளே போய்ச் சிறிது நேரம் நிற்க வேண்டும், அதன் பிறகு உள்ளேயே முகமூடியைக் கழற்ற வேண்டும், அதன் பிறகு கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே ஓடிவர வேண்டும். முகமூடி எவ்வளவு காப்பாற்றுகிறது என்று உடம்புக்கே தெரிவிக்கும் பாடம் அது. வெளியே வந்து இருமிக்கொண்டிருந்தவர்களிடம் வாத்தியார், "இப்போ புரிஞ்சுதா? இது மூஞ்சியில இருக்கிற வரைக்கும் எமனே வந்தாலும் வாசல்ல நின்னுட்டுத்தான் போகணும்" என்றார். நெட்டை, "எமனுக்கும் ஒரு மாஸ்க் குடுத்துருங்க சார், பாவம் இருமுவான்" என்றார். வாத்தியாரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு சாப்பாடு முடித்து, கழுவும் பயிற்சி தொடங்கியது. விஷத்துக்குப் பதிலாக உடைகளிலும் வண்டியிலும் ஒரு வெள்ளைத் தூளைத் தூவுவார்கள். கழுவி முடித்தபின் ஊதா விளக்கைப் பிடித்தால் மிச்சமிருக்கும் தூள் மினுங்கும். களத்தின் குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருக்கும். அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். கழுவாமல் யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது. இந்தப் பக்கத்து ஆள் முகமூடி இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. மீறினால் மொத்த அணியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். போன தடவை ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுக்க நாடாவைத் தாண்டினார் என்பதற்காக, அந்த வெயிலில் எல்லோரும் ரப்பர் கையுறையோடும் பூட்ஸோடும் பொழுது சாயும்வரை வெந்தார்கள். அதன் பிறகு அந்த நாடாவுக்கு எல்லோரும் பயந்தார்கள்.

நான் சுத்தப் பக்கத்தில் நின்றேன். கழுவி வருபவர்களின் உடையை வெட்டிக் கழற்றும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. முகமூடி போட்டிருக்கவில்லை. கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் நிலத்தடித் தொட்டி அழுக்குப் பக்கத்தில், நாடாவிலிருந்து நாலைந்து எட்டு வைக்கும் தூரத்தில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அதன் இரும்பு மூடியை யாரும் திறக்கவில்லை. வண்டி கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்கவே, தொட்டிக்குள் இருக்கும் பம்ப் அடைத்துக்கொண்டது என்று பம்ப்காரர் மூடியைத் திறந்து இறங்கியிருக்கிறார். அப்போது நான் ஒருவரின் பூட்ஸைக் குனிந்து கழற்றிக்கொண்டிருந்ததால் அவர் இறங்கியதைப் பார்க்கவில்லை.

நான் நிமிர்ந்தபோது மூடி திறந்து கிடந்தது, நெட்டை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு இரண்டு கையையும் ஆட்டி, "விழுந்துட்டான்! பம்ப்காரன் விழுந்துட்டான்!" என்று கத்தினார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. முகமூடியின் வடிகட்டி, வரும் காற்றில் இருக்கும் விஷத்தையும் தூசியையும் பிடிக்கும். காற்று இல்லாத இடத்தில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மூடிய தொட்டியில் சேறும் புல்லும் அழுகிக் கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இது எனக்குப் பாடத்தில் வந்தது. சிப்பாய்களுக்கு நாங்கள் எடுக்கும் பாடத்தில் இது ஒரு வரி. காலையில் அந்த வரியை யாரும் சொல்லவில்லை.

நான் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று, "இறங்காதே நெட்டை! கீழே காத்து கெடையாது!" என்று கத்தினேன். உடையோடு சேர்ந்த தலைமூடி அவர் காதை மூடியிருந்ததால் எவ்வளவு கேட்டது என்று தெரியாது. என் பக்கம் திரும்பினார். முகமூடியின் வடிகட்டியை விரலால் இரண்டு தடவை தட்டி, கட்டை விரலைக் காட்டினார். முகமூடி சரியாக இருக்கிறது என்பதற்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த சைகை அது. அதன் பிறகு இறங்கினார்.

நான் மறுபடி கத்தினேன். தொட்டிக்குள்ளிருந்து பதில் வரவில்லை.

அதன் பிறகு வண்டிக்குப் பின்னாலிருந்து மச்சான் ஓடிவந்தார். பட்டையைப் படிக்காமலே எனக்கு அவரைத் தெரிந்தது. அவரும் வடிகட்டியைத் தட்டினார். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். நான் நாடாவைத் தாண்டிப் போய்ப் பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். "விடுறா மாப்ளே, ரெண்டு பேரு உள்ள கெடக்குறானுங்க!" என்றார். "இது காத்தைக் குடுக்காது மச்சான், செத்துருவே" என்றேன். "மாஸ்க்குதான் இருக்கே!" என்று முழங்கையால் என் வாயில் இடித்தார். உதட்டில் தையல் போட்டது அதற்குத்தான். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. அதன் பிறகு அவர் தலைமூடியைத் தள்ளிவிட்டு, முகமூடியின் பின்பட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். முகமூடி கழன்று தொங்கியது. மச்சான் அப்படியே நின்றுவிட்டார். முகமூடி இல்லாமல் அடி எடுத்து வைக்காதே என்று பழக்கிய உடம்பு அது. வெட்டுப்பட்டதை வெகுநேரம் கையால் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் வாத்தியார் வந்து, "யாரைக் கேட்டுடா வெட்டினே?" என்றார். "அப்புறம் திட்டுங்க சார். கூடாரத்துக்குக் காத்து அடிக்கிற ஃபேனைக் கொண்டுவரணும், குழாயை உள்ள விடணும், ஃபயர் சர்வீஸ்ல சிலிண்டர் கட்டின ஆளு வரணும்" என்றேன். வாத்தியார் வேறு எதுவும் கேட்காமல் போன் பண்ணச் சொல்லிவிட்டு, ஃபேனைத் தானே தூக்கிவந்தார். குழாயைத் தொட்டிக்குள் இறக்கிக் காற்று அடித்தோம். தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி இருவரையும் மேலே கொண்டுவந்தார்கள். பம்ப்காரர் ஏணிக்கு நேர் கீழே, குழாய்க் காற்று விழும் இடத்தில் கிடந்திருக்கிறார், மூச்சு இருந்தது. நெட்டை அவரைப் பின்பக்கத்திலிருந்து தூக்குவதற்காகப் பம்பைச் சுற்றி உள்ளே போயிருக்கிறார். அவருக்கு மூச்சு இல்லை. அவர் முகத்திலிருந்து முகமூடியைக் கழற்றியது நான். எங்கும் இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அதைப் பொருத்திப் பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

நெட்டை இறங்கும்போது கத்தியதோடு நின்றதும், மச்சான் இறங்கும்போது மட்டும் நாடாவைத் தாண்டியதும் ஏன் என்று விசாரணை அதிகாரி கேட்கிறார். இரண்டாவது ஆளும் விழுந்த பிறகுதான் ஆபத்து உறுதியாகத் தெரிந்தது என்று சொல்லும்படி இந்த விசாரணையில் எனக்கு உதவ வந்தவர் சொல்லிக்கொடுத்தார். அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் ஆள் விழுந்ததுமே தெரியும் என்று மேலே சொல்லிவிட்டேன். அக்கா புருஷன் என்பதால்தான் ஓடினாயா என்றால், ஓடும்போது எதையும் யோசிக்கவில்லை. நெட்டைக்காக நின்றபோது யோசித்தேன். தாண்டினால் மொத்த அணியும் மறுபடி செய்ய வேண்டுமே என்று யோசித்தேன்.

அன்று மருத்துவமனை வராந்தாவில் நெட்டையின் அப்பா என்னிடம் வந்தார். அவர் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுபவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், நகத்தில் சிமெண்ட் காய்ந்திருந்தது. "நீங்கதான் அங்க நின்னவரா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "ஏதோ கோடாம், தாண்டக் கூடாதாம். கோடுன்னா என்னது, சுவரா?"

"நாடா" என்றேன்.

"இரும்பா?"

"பிளாஸ்டிக்."

எவ்வளவு உயரம் என்று கேட்டார். என் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் கையை எடுக்கவில்லை.

இதுவரை எழுதப்பட்டவை நான் என் வாயால் சொன்னவை, யாருடைய வற்புறுத்தலாலும் சொல்லாதவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நாடாவைப் பற்றிய பகுதி எனக்கே பாதகமாக முடியலாம், நீக்க வேண்டுமா என்று எழுதியவர் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)
தொழில்நுட்ப உதவியாளர்