கீரை வடிச்ச தண்ணி

அந்தக் கட்டில்ல பைய வைக்காதீங்கம்மா. காலியாத்தான் இருக்கு, இருந்தாலும் வேணாம். ஸ்டூல் இருக்கு பாருங்க, உக்காருங்க. எனக்கு டயாலிசிஸ் முடிய இன்னும் மூணு மணி நேரம் ஆகும். இடது கையத்தான் அசைக்கக் கூடாது, பேசலாம்.

சிகிச்சையோட தரத்த உயர்த்தணும்னு ஆய்வுக்கு வந்திருக்கீங்க, நல்லது. உங்க கையில இருக்கற பதிவேட்டுல ரங்கம்மா பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ஆமா, அதான். பத்தியம் கடைப்பிடிக்கல. அந்த வரி தப்பு. அத அடிச்சுட்டுத்தான் நீங்க கிளம்பணும்.

இல்லம்மா, சொந்தமில்ல. அவங்க கெலவரப்பள்ளிப் பக்கம் தக்காளித் தோட்டத்துல கூலிக்குப் போனவங்க. தெலுங்குக்காரங்க. வாரம் ரெண்டு நாள், நாலு நாலு மணி நேரம், ஒரு வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மகன் கனடாவுல இருக்கான், நான் இங்க தனி. மிச்ச அஞ்சு நாளும் பால்காரர்கிட்டப் பேசறதுதான் பேச்சு. ரங்கம்மா என்னைவிட நாலு வயசு மூத்தவங்க, ஆனா என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. கேட்டா, படிச்சவதான் அக்கான்னு சிரிப்பாங்க.

சுவத்துல பத்தியச் சீட்டு இருக்கு பாருங்க. தமிழ், இங்கிலீஷ். இங்க வர்ற பன்னெண்டு பேருல அஞ்சு பேருக்கு வீட்டுல தெலுங்கு, மூணு பேருக்குக் கன்னடம், ஒருத்தருக்கு ஒடியா. உங்க பாரத்துல எடைக்குக் கட்டம் இருக்கு, ரத்த அழுத்தத்துக்குக் கட்டம் இருக்கு. என்ன மொழி புரியும்னு கேக்க ஒரு கட்டம் இல்ல.

மூணாவது வரிய வாசிங்க. கீரை, காய்களை வேகவைத்து நீரை வடித்துச் சாப்பிடவும். அவங்க ஒரு நாள் தவறாம வடிச்சாங்க. உங்க ஊரு எது? மதுரையா, அப்பத் தெரிஞ்சிருக்காது. எங்க பக்கம் கீரைய வடிக்கறதே அந்தத் தண்ணிக்காகத்தான். மொளகா, பூண்டு அரைச்சு ஊத்திக் கொதிக்க வெச்சா பஸ்ஸாறு. களிக்குத் தொட்டுக்க அதவிட வேற என்ன வேணும். கீரை ஆகாதுன்னு நெனச்சு அத மருமகளுக்குக் குடுத்துட்டு, இவங்க சாற மட்டும் குடிச்சாங்க. கீரையில இருந்த பொட்டாசியம் பெரும்பாலும் அந்தச் சாறுலதான் இருக்கும், கிட்னி கெட்டவங்களுக்கு அது ஏறினா நெஞ்சே நின்னுடும். தை மாசம் ஒரு திங்கக்கிழமை வரல. நெஞ்சு நின்னுபோச்சுன்னு மருமக போன்ல சொன்னா. என்ன சாப்பிட்டாங்கன்னு அப்பத்தான் கேட்டேன்.

தெலுங்குல யாரும் சொல்லலன்னு எழுதாதீங்க. சொன்னாங்க. நர்ஸுக்கு நேரமில்ல, பக்கத்துக் கட்டில்காரங்கள சொல்லச் சொல்லிட்டுப் போனாங்க. அவங்களும் சீட்டுல இருந்தத ஒரு சொல் கூட்டாம, ஒரு சொல் குறைக்காம அப்படியே தெலுங்குல சொன்னாங்க. தண்ணியக் கீழ கொட்டிடுங்கன்னு சொல்லல. சீட்டுல அது இல்ல.

அவங்க பேரா? எழுதிக்கோங்க. பொற்கொடி. இந்தக் கட்டில்தான். அரசுப் பள்ளியில முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சர். எங்க வீட்டுலயும் பஸ்ஸாறுதான் வெப்போம்.

மொதல்ல அந்த வரிய அடிங்க. நான் பாக்கணும்.